தொப்பிக்காரர் சுமந்த குடம்

— சத்தியமாச் சொல்லுதேன் வே! எங்க தெருப் பாட்டைக் கேட்டுட்டு, தொப்பியும் பூட்ஸும் போட்ட ஆபீசர் ஒருத்தரு தலையில தண்ணிக் குடத்தை ஏத்திக்கிட்டு, சித்தாத்துலேருந்து இந்தப் பாறைக் கிணத்தடி வரைக்கும் நடந்து வந்தாரு. அதைப் பார்த்துக் குற்றாலத்துல பேரருவி ஒரு நொடி விழாம நின்னுச்சு. நின்னு, எட்டிப் பார்த்துட்டு, பொறவுதான் விழுந்துச்சு.

— அருவி எட்டிப் பார்த்துச்சா?

— மூணு மைல் தூரமில்லா? எட்டித்தான் பார்க்கணும். ஆயுசு பூரா தென்காசி டேசன்ல கைகாட்டி இறக்குன சிவசைலம் வே நான். ஆரியங்காவு குகைக்குள்ள ரயில் இருமுனா, இங்கன இருந்தே என்ன வண்டின்னு சொல்லிருவேன். எனக்குத் தெரியாம ஒரு அருவி எட்டிப் பார்த்துருமா?

— யா அல்லா. பெரியவரே, நான் கடையநல்லூர்லேருந்து பார வண்டியோட வாரேன். மாடு ரெண்டும் நுரை தள்ளிக்கிட்டுத் தெரு முக்குல நிக்கு. இந்தக் கிதிர் முகம்மது மேஸ்திரி உங்ககிட்டக் கேட்டது ஒரே கேள்வி. ஆபீசர் குடம் சுமந்தது இந்தத் தெருவுலயா? ஆமாவா, இல்லையா?

— ஆமாங்கிறதுக்குத்தான் இவ்வளவும் சொல்லுதேன். வெறும் ஆமான்னு சொன்னா அதுல என்ன ருசி இருக்கு? கேளும். மலையில உள்ள குரங்குக் கூட்டம் பூரா இறங்கி வந்து, ரெண்டு பக்கமும் ஓட்டு மேல வரிசையா உக்காந்துக்கிட்டுது. அதுல ஒரு கிழட்டு மந்தி கண்ணைத் துடைச்சுது வே. நான் பார்த்தேன்.

— அண்ணாச்சி, வழியை விடுங்க. குடம் வழுக்குது.

— வா முத்துவடிவு, வா! உனக்கு நூறு வயசு. மேஸ்திரி, இவளைக் கேளும். கடைசி வீட்டுக்காரி, கிணத்தை ஒட்டுன வீடு. வீட்டுக்காரன் கொழும்புல இருக்கான், இவ இங்கன சித்தாத்துல இருக்கா. விடிஞ்சா ஆறு, அடைஞ்சா ஆறு. ஏட்டி, போன சாரல்ல அந்தத் தொப்பிக்காரரு குடம் சுமந்தாருல்லா? இவருகிட்டச் சொல்லு.

— யாரு சுமந்தா? நான்ல சுமக்கேன்.

— இப்பம் இல்லட்டி, போன வருசம்.

— போன வருசமும் நான்தான் சுமந்தேன். அதுக்கு முந்துன வருசமும் நான்தான். இவரு யாரு அண்ணாச்சி? உங்க கிட்ட மாட்டிக்கிட்டு நிக்குதாரு, பாவம்.

— நான் மேஸ்திரி, அக்கா. ஒரு விசயம் விசாரிக்க வந்தேன். இவரு அருவி நின்னுச்சுங்காரு.

— நிக்கும். போன மாசம் இவரு போட்ட தும்மல்ல மதுரை வண்டி பின்னால போச்சு. கேக்கலையா நீங்க?

— போச்சா இல்லையான்னு டேசன் மாஸ்டரைக் கேளு!

— அண்ணாச்சி, எனக்கு இடுப்பு ஒடியுது. இந்தக் குடத்தை இப்படிக் கிணத்து மதில்ல வச்சுட்டு ஒரு மூச்சு விட்டுக்கிடுதேன். நீங்க கதை அளந்துக்கிட்டு இருங்க.

— அக்கா, கிணத்து மதில் மேல ஆத்துத் தண்ணிக் குடமா? கிணத்துல தண்ணி இல்லையா?

— எட்டிப் பாரும், மேஸ்திரி. கல்லைப் போட்டா கல்லுச் சத்தம்தான் வரும்.

— சாரல் காலத்துலயுமா?

— பாறையைக் குடைஞ்ச கிணறு. சாரல் வந்தா கொடியில துணி காயாது, அவ்வளவுதான். குடம் நிறையாது. இந்த வருசம் ஆனி முடியப் போவுது, அந்தச் சாரலையும் காணோம்.

— அதெல்லாம் கிடக்கட்டும் வே. பாட்டுக்கு வாரேன். எங்க தெருப் பாட்டுன்னா என்னன்னு உமக்குத் தெரியுமா?

— கேள்விப்பட்டதில்ல.

— கடையநல்லூர்ல இருந்துக்கிட்டுக் கேள்விப்பட்டதில்லையா? எங்க ஆளுக பாடுனா உங்க ஊர்த் தறி எல்லாம் தாளம் போடுமே! சரி, கேளும். வருசா வருசம் சாரல் விழுந்ததும், தெரு முக்குல பிள்ளையாரு முன்னால எல்லாரும் கூடுவோம். பாட்டு வாத்தியாரு கிடையாது, புலவரு கிடையாது. வீட்டுக்கு ஒரு ஆளு, வீட்டுக்கு ஒரு பாட்டு. சொந்தமாக் கட்டுன பாட்டு. ஆனா ஒருத்தனும் தன் வீட்டைப் பாடக் கூடாது. பக்கத்து வீட்டைத்தான் பாடணும். அதுலயும் உசத்தித்தான் பாடணும். தெருவை இறக்கி ஒரு சொல்லு வந்துச்சோ, அடுத்த வருசம் அந்த வீட்டுக்கு முறை கிடையாது. சட்டம் போட்டது யாருன்னு கேளும்.

— யாரு?

— நான்தான்!

— பக்கத்து வீட்டுக்காரனை உசத்திப் பாடணுமா? நடக்குத காரியமா?

— அங்கதான் வே சூட்சுமம். வருசம் பூரா வேலிச் சண்டை போடுதவன், அன்னைக்கு மட்டும் அடுத்த வீட்டை உசத்தி ஆகணும். தங்கசாமிக்கும் அடுத்த வீட்டுக் குருவம்மாளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனா அவன் பாடுனதைக் கேளும்:

குருவம்மா சுட்ட தோசை குற்றால நிலவைப் போல
இருவிரல் தொட்டாப் போதும் எச்சிலாய் உருகிப் போகும்

— நல்லாத்தான் இருக்கு.

— நல்லா இருக்கா? நிலாவே இறங்கி வந்து ஒரு தோசை கேட்டுச்சு!

— அந்தத் தோசைக்கு மாவாட்டுன தண்ணி நான் குடுத்த தண்ணி. அதை எவனும் பாடல.

— நீ பேசாம இருட்டி. சீசனுக்குக் குற்றாலத்துல வந்து தங்குத ஆபீசருமாரு கூட வண்டி கட்டிக்கிட்டு வந்து கேப்பாங்க, மேஸ்திரி. போன வருசத்துக்கு முந்துன வருசம் வந்தாரு பாரும், இந்தத் தொப்பிக்காரரு. தண்ணிக் குழாய் போடுத ஆபீசர். முத முதல்ல அவரு கேட்டது என் பாட்டுத்தான். இந்தக் கிணத்தைப் பத்தி வெண்பா. இலக்கணம் பிசகாது, எழுந்து நின்னு கேளும்:

பாறைக் கிணறல்ல பாற்கடலே! பாம்பணையான்
ஏறிப் படுக்க இடமுண்டு – மாறாமல்
கோடையிலும் பொங்கும் குளிர்நீர் குடித்தவர்
ஆடையிலும் வாசம் அது.

— இந்தக் கிணத்தையா?

— இதே கிணத்தைத்தான்! திரும்பப் பாடச் சொன்னாரு வே ஆபீசரு. திரும்பப் பாடுனேன். கையைத் தட்டி, எந்திரிச்சு நின்னு, என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

— மிச்சத்தையும் சொல்லுங்க, அண்ணாச்சி.

— மிச்சம் என்ன மிச்சம்?

— நான் சொல்லுதேன், மேஸ்திரி. அன்னைக்கு நாங்க கூடுனதே அந்த ஆபீசருகிட்டக் குழாய் கேக்கத்தான். முதல்ல பாட்டு, பொறவு மனுன்னு இவங்க எல்லாரும் கூடிப் பேசி வச்சிருந்தாங்க. பாட்டு முடிஞ்சது. ஒருத்தரு போய், ஐயா எங்க தெருவுல தண்ணி இல்லன்னாரு. ஆபீசர் சிரிச்சாரு. என்னய்யா விளையாடுதீங்களா, பாற்கடல்ல பெருமாளே படுத்துருக்காரு, இதுக்கு மேல குழாய் எதுக்குன்னாரு. தென்காசியிலயே தண்ணி வளமான தெரு இதுதான்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தக் குழாய் கீழத்தெருவுக்குப் போச்சு.

— கீழத்தெருவுல என்ன பாடுனாங்க?

— அவங்க ஒண்ணும் பாடல. வெறுங்குடத்தை வரிசையாக் கவுத்தி வச்சிருந்தாங்க.

— அது கலையா வே? குடத்தைக் கவுத்துறதுக்கு ஒரு புலமை வேணுமா?

— எங்க பொம்பளைக அத்தனை பேரும் ஆத்துக்கு நடக்கோம். இவரு பாம்பணையானுக்குப் படுக்கை போட்டுக் குடுத்தாரு.

— ஏட்டி, இருக்கிறதை இருக்குன்னு சொல்லத் தலையாரி இருக்கான். பாட்டுன்னா கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

— பெரியவரே, அக்கா, ரெண்டு பேரும் பொறுங்க. மாடு நிக்கு. போன வருசம் ஆபீசர் மறுபடியும் வந்தாரா?

— வந்தாரு. என் வெண்பாவைக் கேக்கத்தான் வந்தாரு. ஆனா முறைப்படி கடைசி வீடுதான் கிணத்தைப் பாடணும், அதுக்குப் பக்கத்துல வேற வீடு இல்லல்லா. முந்துன வருசம் இவ புருசன் கப்பலேறிட்டான், அதனால இவ வீட்டு முறையை நானே எடுத்துக்கிட்டேன். போன வருசம் இவ விடல. நான்தான் பாடுவேன்னு வந்து நின்னா. ஈரச் சேலையோட.

— மாத்துச் சேலை துவைக்கத் தண்ணி இல்ல.

— என்ன பாடுனீங்க, அக்கா?

— தொண்டை வறண்டு கிடக்கு, மேஸ்திரி. அதெல்லாம் மறந்து போச்சு.

— எனக்கு மறக்கல. கேளும்.

அருவி கொட்டும் மூணு மைலில், ஆறு ஓடும் அரை மைலில்,
தெருவில் மட்டும் தண்ணி யில்லை, திரும்பிப் பார்க்க நாதியில்லை.
வாளி விட்டா மண்ணு வரும், வடம் இழுத்தா நாரு வரும்,
கேளும் ஐயா, ஒரு குடத்தைக் கிணறு வரைக்கும் சுமந்து பாரும்.

— ம்.

— என்ன வே, ம்முங்கீரு?

— இதுல நிலா வரல, பெருமாள் வரல. அதான் பார்த்தேன். நீங்களும் இதுக்கு ஒண்ணும் சேர்க்காமச் சொன்னீங்க.

— சேர்க்கலாம்னு ஒரு வருசமாப் பாக்கேன். இடம் குடுக்க மாட்டேங்குது.

— பாடி முடிச்சதும் என்ன ஆச்சு?

— ஒரு கைத்தட்டு இல்ல. ஆபீசர் எந்திரிச்சாரு, தொப்பியை எடுத்துத் தலையில வச்சாரு, வண்டியில ஏறிப் போயிட்டாரு. தெருவே இவ மேல பாய்ஞ்சுது. கிடைக்க இருந்ததையும் கெடுத்துட்டாளேன்னு. சட்டப்படி நான் இவ வீட்டு முறையை ரத்துப் பண்ணுனேன். வேற வழி? சட்டம் நான் போட்டதாப் போச்சே.

— ரத்துப் பண்ணுனதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. பாடுத நேரத்துக்குச் சும்மா உக்காரலாம்.

— மறுநாள்தான் வே அது நடந்துச்சு! விடிஞ்சும் விடியாத பொழுது. தெருவுல ஒரு ஈ காக்கா கிடையாது, சாரலுக்குப் பயந்து எல்லாவனும் போர்வைக்குள்ள. நான் மட்டும் சன்னலைத் திறந்தேன். தொப்பிக்காரரு குடத்தோட வாராரு! உடனே அந்த மந்தி...

— மந்தி எங்கன இருந்து வந்துச்சு, அண்ணாச்சி, அந்தச் சாரல்ல?

— குடை பிடிச்சுக்கிட்டு வந்துச்சு!

— பார்த்துக்கிடுங்க, மேஸ்திரி. இவரு சொல்லுத லட்சணம் இது. கிளம்புங்க, உங்க மாட்டுக்காவது நிழல் கிடைக்கும்.

— கிளம்புதேன், அக்கா. எனக்கும் அலுத்துப் போச்சு. காலையில இருந்து இதே விசாரணைதான். ஆனா போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடுதேன். என் வண்டியில என்ன இருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்ல.

— என்ன இருக்கு? தறிச் சாமானா?

— தண்ணிக் குழாய்.

— என்னது?

— இரும்புக் குழாய். ஒரு தெருவுக்குக் காணும். ஒரே ஒரு தெருவுக்குத்தான் காணும். அதை எங்கன புதைக்கணும்னு மேல இருந்து உத்தரவு. ஆபீசர் குடம் சுமந்த தெருவுல போடு. இவ்வளவுதான் உத்தரவு.

— முத்துவடிவு! கேட்டியாட்டி! குழாய்! வண்டியோட நிக்கு! ஏட்டி, எங்க பாக்க?

— தெரு முக்கைத்தான் அண்ணாச்சி. வண்டி நிசமா நிக்குதான்னு பாக்கேன்.

— மேஸ்திரி, வண்டியை உள்ள விடும். நான் கைகாட்டியை இறக்கிட்டேன், லைன் கிளியர்!

— அவசரப்படாதீங்க, பெரியவரே. நான் காலையில முதல்ல கீழத்தெருவுக்குப் போனேன்.

— அங்க எதுக்கு? அவனுகளுக்குத்தான் ஒரு குழாய் இருக்கே!

— இன்னொண்ணு கேக்காங்க. தெருவே கூடி ஒரே வாயாச் சொல்லுது, ஆபீசர் குடம் சுமந்தது எங்க தெருவுலதான்னு. இத்தனை பேரு சாட்சி. அருவி நின்னுதுங்கிற வரைக்கும் சொல்லுதாங்க.

— அது என் அருவி வே! நான் சலூன்ல வச்சுச் சொன்னது. திருட்டுப் பயலுக, அருவியையும் தூக்கிட்டுப் போயிட்டானுகளே!

— அவங்க தெருவுல பத்துப் பேரு பார்த்தேங்காங்க. உங்க தெருவுல நீங்க ஒரு ஆளு பார்த்தேங்கீங்க, அதையும் இந்த அக்கா இல்லங்காங்க. நான் எதை நம்ப? பொய்யை நம்பிக் குழாயைப் புதைச்சுட்டு நாளைக்கு அல்லாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது. பெரியவரே, ஒரே ஒரு தடவை. மந்தி இல்லாம, அருவி இல்லாம, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்.

— சொல்லுதேன். அதுல என்ன. விடியக்காலம். சாரல் தூவுது.

— ம்.

— நான் சன்னல்ல ஒரு பலகையைத் திறந்து பாக்கேன். ஆத்துப் பக்கம் இருந்து ஒரு ஆளு வாராரு. பூட்ஸு சேத்துல இழுபடுது.

— ம். நல்லா இருக்கு. அப்படியே சொல்லுங்க.

— தலையில குடம் தளும்புது. பொட்டுப் பொட்டாத் தண்ணி சட்டையில விழுது. விழுந்த ஒவ்வொரு பொட்டும் முத்தா மாறி...

— பெரியவரே!

— மாறல, மாறல. தண்ணியாத்தான் இருந்துச்சு. மன்னிச்சுக்கிடும், பழகிப் போச்சு. ரயில் வண்டி மாதிரி வே, நிறுத்துன பொறவும் கொஞ்சத் தூரம் ஓடித்தான் நிக்கும். அந்த ஆளு யாருன்னு பாக்கேன். ஆபீசரு. தொப்பியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். தொப்பி, அதுக்கு மேல குடம்.

— தொப்பிக்கு மேலயா?

— மேலதான்.

— அந்த உருண்டைத் தொப்பிக்கு மேல நிறைகுடம் எப்படி நிக்கும், பெரியவரே? கீழத்தெருவுலயும் இதேதான் சொன்னாங்க. அங்கனயே எனக்குச் சந்தேகம் தட்டிட்டு. பூசணிக்காய் மேல தேங்காயை வச்சாப்புல இருக்கு.

— நான் பார்த்ததைச் சொல்லுதேன்! தொப்பியையும் பார்த்தேன், குடத்தையும் பார்த்தேன். சாரல்ல, ஒத்தைப் பலகைச் சந்துல, எது மேல எது கீழன்னு... ஏட்டி முத்துவடிவு, நீ பின்னால வந்தேல்லா? நீ சொல்லு.

— நான் வரல.

— வந்தே!

— நான் யாரு பின்னாலயும் வரல அண்ணாச்சி. நீங்க கனாக் கண்டிருக்கீங்க.

— குழாய்ட்டி! வண்டியில குழாய் இருக்கு! எல்லாரை விடவும் உனக்குத்தான வேணும்?

— வேணும். யாரு வேண்டாம்னா? மேஸ்திரி, நான் ஒண்ணு கேக்கேன். குழாய் போடுததுக்கு ஒரு மனுசன் குடம் சுமந்தாரா சுமக்கலையான்னா பாக்கணும்? நாங்க சுமக்குதது பத்தாதா? இந்தாரும், என் உள்ளங்காலைப் பாரும். இந்தத் தெருவுல உள்ள எந்தப் பொம்பளை காலையும் பாரும். கிணத்தைப் பாரும். கீழத்தெருக் குழாயில தண்ணி விழுதான்னு பாரும், இங்கன விழுதான்னு பாரும். இதுக்கு மேல சாட்சி எதுக்கு?

— எனக்குப் புரியுது அக்கா. என் பொஞ்சாதி ஜைனபும் இப்படித்தான் வாய்க்காலுக்கு நடக்கா. என் இஷ்டத்துக்கு விட்டா இங்கனயே குழியைத் தோண்டிருவேன். ஆனா உத்தரவு எனக்கு அப்படி வரல. சுமந்த தெருன்னுதான் வந்துருக்கு. ஒரே ஒரு ஆளு, நேர்ல பார்த்த ஆளு, கலப்படம் இல்லாமச் சொன்னாப் போதும்.

— கலப்படம் இல்லாத ஆளு இவதான் வே. இவளுக்கு ஒரு சொல்லைக் கூட்டத் தெரியாது. ஏட்டி, ஒரு வருசமா இந்தத் தெருவுல என்னைச் சிரிச்சாங்க. சிவசைலம் ஆபீசருக்குக் குடம் தூக்கி விட்டான், இப்பம் அருவியையும் நிறுத்திட்டான்னு. நம்ம தெருச் சுடலையாண்டி என்னைப் பார்த்ததும் தலையில செம்பை வச்சுக்கிட்டு நடந்து காட்டுதான். எனக்கு அதுல கோவம் இல்ல. நான் சொன்ன பொய்க்கு எல்லாம் கணக்கு வச்சா மலை உசரம் வரும். ஆனா இது ஒண்ணு நிசம். ஆயுசுலயே நான் கண்ணால பார்த்த பெரிய காரியம் இது ஒண்ணுதான், அதையும் ஒரு பயலும் நம்பல. நம்பலேன்னுதான் மந்தியைச் சேர்த்தேன். பொறவும் நம்பல. அருவியைச் சேர்த்தேன். நீ ஒரு ஆளு, ஆமா அண்ணாச்சின்னு சொல்லிருந்தா நான் ஏன் அருவி வரைக்கும் போறேன்?

— அண்ணாச்சி, அன்னைக்கு அழுதீங்களா?

— மந்தி கண்ணைத் துடைச்சுதுன்னு சொன்னேன்ல. அது நான்தான்.

— பெரியவரே, விடுங்க. நான் வாரேன். பொழுது சாயுததுக்குள்ள கீழத்தெருவுல இறக்கிட்டாத்தான் மாட்டை அவுக்கலாம்.

— மேஸ்திரி, நில்லும்.

— சொல்லுங்க அக்கா.

— அந்த உத்தரவு. மேல இருந்து வந்ததுன்னு சொன்னீரே. யாரு சொன்னா?

— ஏன் கேக்கீங்க?

— ஆபீசுல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதாங்களா? இவரு வாயில இருந்து கிளம்பி, சலூன்ல நுழைஞ்சு, ஆபீசு வரைக்கும் போயி, அந்த மனுசன் தலை குனியும்படி ஆயிட்டா? அதை விசாரிக்கத்தான் உம்மை அனுப்புனாங்களா? உள்ளதைச் சொல்லும்.

— அல்லா மேல ஆணை, அப்படி இல்ல அக்கா. அவரே சொன்னாரு.

— எவரு?

— ஆபீசர்தான். அவரு வாயால, என் காதுல. அவருக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிட்டு. ரயிலேத்திவிட நான் டேசனுக்குப் போயிருந்தேன். ஏறி உக்காந்தவரு சன்னல் வழியாத் தலையை நீட்டி, மேஸ்திரி இங்க வான்னாரு. மிச்சக் குழாயை நான் குடம் சுமந்த தெருவுல போடுன்னாரு. நீங்களா, குடமான்னேன். தெருப் பேரைச் சொல்ல வாயெடுத்தாரு, அதுக்குள்ள வண்டி ஊதிட்டு. அந்த ஊதல்ல ஒண்ணும் கேக்கல. வண்டி நகரும்போது, போய்க் கேளு, தெருவே சொல்லும்னு கத்துனாரு.

— ஊதுனவன் எவன் வே? என் காலமா இருந்தா வண்டியைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேன்.

— சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரா? இல்ல, வேண்டாவெறுப்பாச் சொன்னாரா?

— சிரிச்சுக்கிட்டுத்தான் அக்கா. ஆனா சிரிக்கும்போதே கழுத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. இந்தா, இந்த வலப்பக்கம். என்னங்கய்யான்னு கேட்டேன். ஒரு வருசம் ஆச்சு, இன்னும் குத்துதுன்னாரு. ஏன் அக்கா சிரிக்கீங்க? நான் இப்பம் என்ன சொல்லிட்டேன்?

— ஏட்டி, முத்துவடிவு! நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே!

— வலப்பக்கமா. ஆமா, வலப்பக்கம்தான் இருக்கும். பிள்ளையாரு முக்குத் திரும்பும்போது குடம் சாய்ஞ்சுது. நேரா நடங்க ஐயான்னேன், கேக்கல. தரையைப் பார்த்துக்கிட்டே வந்தாரு.

— அக்கா?

— அன்னைக்கு விடியக்காலம், மேஸ்திரி, அவரு ஆத்துல இறங்கி நின்னு, குடத்தை என்கிட்டக் குடும்மான்னு கேட்டாரு. வேண்டாம்யான்னேன். சுமந்து பாரும்னு நீதானம்மா பாடுனேன்னாரு. பொறவு, இதை வெளிய சொல்லாதே, ஆபீசுல தெரிஞ்சா எனக்கு மரியாதை போயிரும்னாரு. ஆத்துத் தண்ணியைத் தொட்டுச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். வாயைத் திறந்தா குழாய் வராதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன். அதனாலதான் இந்த அண்ணாச்சியை ஊரே சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிச்சேன். அவரே வாயைத் திறந்துட்டாருன்னா என் சத்தியம் ஆத்தோட போச்சு.

— அப்பம்... அப்பம் நான் பார்த்தது?

— பாதிதான் பார்த்தீங்க அண்ணாச்சி. தொப்பிக்கு மேல எவனாவது குடம் வைப்பானா?

— அக்கா, என் மனசு திருப்திக்கு ஒரு வார்த்தை. நடந்துச்சா, இல்லையா?

— நடந்துச்சு, மேஸ்திரி. அருவி நிக்கல, மந்தி வரல. என் முந்தானையைக் கிழிச்சுச் சும்மாடு சுத்தி, அந்த மனுசன் தலையில குடத்தைத் தூக்கி வச்சவ நான்தான். அவரு முன்னால குடத்தைச் சுமந்துக்கிட்டுப் போனாரு. நான் பின்னால அவரு தொப்பியைச் சுமந்துக்கிட்டு வந்தேன்.